ஏழாவது குழிக்கு நாலு தோள்

தெற்கே ஆடுவதற்கு ஆகக் கடினமான கோல்ஃப் மைதானங்கள் எவை எவை என்று வருஷந்தோறும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை வரிசைப்படுத்தும். மஞ்சு இறங்கினால் அடித்தவன் கைக்கே மட்டை தெரியாத மலை மைதானத்தையும், கடற்காற்று பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அலையில் போட்டுவிடும் கரை மைதானத்தையும், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரே நிற்கும் இன்னொரு மைதானத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கூனிமலை அடிவாரத்தில் நேற்று முளைத்த ஒரு மைதானம் அந்த வரிசையில் முதலிடத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டால், கிளப்பில் இருக்கிறவர்கள் மண்ணின் வளைவு, புல்லின் ரகம், காற்றின் போக்கு என்று என்னென்னவோ சொல்வார்கள். எல்லாம் புளுகு. அது ஒத்தப்புளிக் காலனிப் பிணங்களின் கனத்தால் வந்த முதலிடம். வெள்ளைத்தாயிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

வெள்ளைத்தாய் அந்த மைதானத்தில் கோரை பிடுங்குகிறவள். காலையில் பனி காயுமுன் குனிந்தால் வெயில் உச்சிக்கு வரும்வரை நிமிராமல், வெளிநாட்டுப் புல்லுக்குள் தலைநீட்டும் உள்ளூர்க் கோரையைக் கிழங்கோடு பிடுங்கிக் கூடையில் போடுவது அவள் வேலை. அவள் குனிந்து நகர்கிற அந்தப் பச்சைப் பரப்புக்கு அடியில்தான் காலனியின் சுடுகாட்டுப் பாதை கிடந்தது. ஊருக்கென்று தார்ரோட்டு ஓரத்தில் தகரக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியுமாய் வேறு சுடுகாடு உண்டு, அதில் காலனிப் பிணத்துக்கு இடமில்லை. காலனிக்கு விட்டது மலையடிவாரத்துக் கல்லாங்காடு, அதற்குப் போக ஒரு வண்டித்தடம், தடத்தின் பாதியில் இடுப்புயரத்துக்கு ஓர் அரிச்சந்திரன் கல். எந்தப் பாடை போனாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் இறக்கி வைத்து, தலைமாடு கால்மாடு திருப்பி, செத்தவர் பேரைச் சத்தமாகச் சொல்லி, இன்னார் வந்திருக்கிறார், வழி விடு சாமி என்று கேட்டுத்தான் மறுபடி தூக்க வேண்டும். பெண்கள் அதுவரைக்கும் வரலாம். அழுது, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். மேற்கொண்டு போவது நாலு ஆண்களின் தோளும் செத்தவரும் மட்டும்தான்.

பிறகு கிளப் வந்தது. வந்தது என்றால் கேட்டுக்கொண்டா வந்தது? முதலில் கம்பிவேலி, அப்புறம் மண்மேடு, அடுத்த மழைக்குள் புல். புல்டோசர் அரிச்சந்திரன் கல்லைப் புரட்டி, அது நின்ற இடத்திலேயே குழி தோண்டிப் புதைத்தது; அதற்கு மேலே ஏழாவது குழிக்குப் போகிற புல்வெளி விரிந்தது. மாற்றுப் பாதை என்று மலையைச் சுற்றி ஒரு கோட்டைக் காகிதத்தில் இழுத்துக் காட்டினார்கள். காகிதத்தில் அது வழவழவென்று இருந்தது, காலுக்கு அது முள்ளும் பாறையும் நடுவே ஓர் ஓடையுமாக இருந்தது. மனுக் கொடுத்தார்கள், பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடியும் பரிசீலனை. செத்தவர்களால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்பது அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலி போட்ட பிறகு முதலில் செத்தது ஆப்பக்கடை சோலையம்மா. நல்ல பருமன், இடது கால் யானைக்கால் வேறு. சுற்றுவழியில் இவளை எப்படிக் கொண்டுபோகப் போகிறோம் என்று பயந்துகொண்டே மாசாணமும் குருவையாவும் இருளப்பனும் மூக்காண்டியும் தோள் கொடுத்தார்கள். மாசாணம் வெள்ளைத்தாயின் புருஷன், மற்ற மூவரும் அவனுக்குப் பங்காளிகள். பாடை எழுந்தது. வெறும் மூங்கில் எழுகிற மாதிரி எழுந்தது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முள்ளை மிதித்து, பாறையைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, கனமில்லாத அந்த அம்மாளைக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள்.

அன்றைக்கே மைதானத்தில், ஒரு மில் முதலாளி ஏழாவது குழியைப் பார்த்து அடித்த பந்து, கல் புதைந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. மறுபடி அடித்தார், மட்டை வளைந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. காவலாளி வந்தான், தோட்டக்காரர்கள் வந்தார்கள், ஒரு கோழிமுட்டை அளவுகூட இல்லாத அந்தப் பந்தை அசைக்க முடியவில்லை. கடைசியில் காலனிக்கு ஆள் விட்டார்கள். அடக்கம் முடிந்து குளித்த ஈரம் காயாமல் வந்த நாலு பேரும் பந்துக்கடியில் ஒரு பலகையை நெம்பிச் செருகி, தோள் கொடுத்துத் தூக்கினார்கள். பலகை ஏறிய மாத்திரத்தில் மாசாணத்தின் முகம் மாறியதை, கூடையோடு பக்கத்தில் நின்ற வெள்ளைத்தாய் பார்த்தாள்.

"ஏ புள்ள," என்றான் மெதுவாக, "இது சோலையம்மா அத்தை. இந்தப் பக்கம் இழுக்குது பாரு, யானைக்காலுப் பக்கம்."

"ஆமா மதினி, அத்தையேதான்," என்றான் குருவையா. "காலைல பாடையில இல்லாதவ இங்க வந்து ஒக்காந்திருக்கா."

விஷயம் அவ்வளவுதான். உடம்பு சுற்றுவழியில் போக, கனம் பழகின வழியில் வந்திருந்தது. காலனியில் யாரும் அதற்காக மூக்கில் விரலை வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வழியை ஒரு கம்பிவேலிக்காகச் சோலையம்மா விட்டுவிடுவாளா என்ன? நாலு பேரும் பந்தைச் சுமந்து புல்வெளியைக் கடந்து, கொடி நட்ட குழியைத் தாண்டி, கல்லாங்காட்டை ஒட்டிய பின்வேலி வரைக்கும் போனார்கள். அங்கே போனதும் கனம் நழுவி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, பந்து பலகையில் துள்ளியது.

ஒரு தடவையோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். தீரவில்லை. மறுநாள் அடித்த பந்திலும் சோலையம்மா வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பிறகு கிணறு வெட்டப்போய் மண் சரிந்து செத்த தவசி வந்தான். பிரசவத்தில் போன செல்லக்கிளி வந்தாள். அவள் வந்த பந்து மட்டும் பலகையின் மேல் இரண்டு கனமாக, ஒன்று பெரிதாகவும் ஒன்று ரொம்பச் சின்னதாகவும் இருந்தது, அன்றைக்கு நாலு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர்களைக் காலனிக்காரர்கள் வழிமறித்து, இன்றைக்கு யார் வந்தார்கள் என்று விசாரிப்பது வழக்கமாயிற்று. ஒங்க அப்பா ரெண்டு தடவ வந்தாரு, கனம் கொறையல, நல்லாத்தான் இருக்காரு என்று மாசாணம் சொன்னால், கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். சோலையம்மாவின் மகள் வெள்ளைத்தாயிடம் ஆப்பம் கொடுத்துவிடுவாள், ஏழாவது குழிப் பக்கம் எங்காவது புல்லில் வைத்துவிடு அக்கா என்று. வெள்ளைத்தாய் வைப்பாள். காக்கை தின்னும்.

கிளப்காரர்கள் பழகிக்கொண்டது வேறு மாதிரி. முதலில் குதித்தார்கள். மண்ணைச் சோதிக்க ஆள் வந்தது, காந்தம் வைத்துப் பார்த்தது. காலனிக்காரர்கள் உள்ளதைச் சொன்னபோது சிரித்தார்கள். பிறகு பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து ஆடி, ஏழாவது குழியில் பாதிப் பகலைத் தொலைத்து, ஊருக்குப் போய் எழுதிவிட்டார், கூனிமலை முதலிடம். அதற்கப்புறம் சிரிப்பு போய் பக்தி வந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ கார்கள் வந்தன. தெற்கிலேயே ஆகக் கடினமான குழி, இங்கே பந்தை நாலு தோளில் கொண்டுபோவதே கிளப்பின் விதி என்று ஏழாவது குழியில் பெரிதாக ஒரு விளம்பரப் பலகை வைத்தார்கள். மூங்கிலுக்கு வார்னிஷ் அடித்து, பந்துக்கென்று பட்டுத் திண்டு வைத்து, சின்னதாக ஒரு பாடை செய்தார்கள். மாசாணத்துக்கும் மற்ற மூவருக்கும் வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் தொங்கவிட அடையாள அட்டையும் வந்தன. முன்னால் பறையடித்துக்கொண்டு போனால் வருகிறவர்களுக்கு இன்னும் பிடிக்கும் என்றுகூடக் கேட்டார்கள். அதற்கு மட்டும் மாசாணம் முடியாது என்றுவிட்டான். பந்து பாடையில் போயிற்று, படம் பிடித்துக்கொண்டார்கள். செத்தவர்கள் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் போனார்கள், அதைப் படம் பிடிக்க ஒரு நாதியில்லை.

வெள்ளைத்தாய்க்கு வயிறு எரிந்தது. "அவுக வீட்டாளுக செத்தா இப்படி மட்டையால அடிச்சு வெளையாட விடுவாகளா?" என்று புருஷனிடம் பாய்வாள். "நீயும் தொப்பிய மாட்டிக்கிட்டுப் போற. வெக்கமா இல்ல?"

"நான் தூக்கலைன்னா கயித்தைக் கட்டி இழுப்பானுக புள்ள. செல்லக்கிளியக் கயித்துல இழுக்கவா?"

 அவன் சொன்னது சரி என்பதும் சேர்ந்து எரிந்தது.

ஆனால் அந்த நாலு பேரும் ஒரு தப்புப் பண்ணினார்கள், மானம் கருதிப் பண்ணிய தப்பு. பாதி வழியில் இறக்கி வைத்துப் பேர் சொல்லி வழி கேட்கிற வேலையை அவர்கள் செய்யவேயில்லை. தொப்பியும் மட்டையுமாகச் சுற்றி நின்று பல்லைக் காட்டுகிறவர்கள் முன்னால், தங்கள் சனத்தின் பேரை ஒரு பந்தைப் பார்த்துச் சொல்வதா என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். கல்லையே புதைத்துவிட்டான், யாரிடம் கேட்பது என்றும் ஒரு வைராக்கியம். அதனால் ஒவ்வொரு நாளும் எல்லோரும் வந்தார்கள், வழி கிடைக்காமல் மறுநாள் திரும்பவும் வந்தார்கள்.

முதலிடம் வந்ததைக் கொண்டாடப் பெரிய போட்டி ஒன்று வைத்தார்கள், அதுவும் அடைமழைக் காலத்தில். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் பூராவும் பந்து சுமந்துவிட்டு வந்த மாசாணம், கஞ்சி குடித்த கும்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். சாய்ந்தவன்தான். விடிந்தபோது மழை விட்டிருந்தது, ஆனால் ஓடையில் மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு வெள்ளம் போனது. மாற்றுப் பாதை தண்ணீருக்கடியில் கிடந்தது. வெள்ளைத்தாய் முகத்தைக்கூடக் கழுவாமல் கிளப் செயலாளரைப் பார்க்கப் போனாள்.

செயலாளர் புருஷோத்தமன் நல்லவிதமாகத்தான் பேசினார். அதுதான் கொடுமை.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. தங்கமான மனுஷன். ஆனா இன்னைக்கு ஃபைனல் பாரு. வெளியூர்லருந்தெல்லாம் வந்து எறங்கியிருக்காங்க."

"ஓடையில வெள்ளம் போகுது சார். வேற வழி கெடையாது. குறுக்க தூக்கிட்டுப் போயிருவோம், ஒரு பொழுதாகாது."

"வெள்ளம் வடியட்டுமேம்மா. ஐஸ் பெட்டிக்கு நான் சொல்லிடறேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்படியும் மாசாணம் பந்துல வந்துடுவார் இல்லையா? நீங்கதான சொல்வீங்க. அவருக்குத் தனியா மரியாதை பண்ணப் போறோம். ரோஜா மாலைக்குச் சொல்லியாச்சு. ஒடம்பை அப்புறமாப் பாத்துக்கலாம்."

வெள்ளைத்தாய் திரும்பி நடந்தாள்.  நேரே வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஆம்பளைகள் மனுக் கொடுப்பதா, ரோட்டை மறிப்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய், புருஷனுடைய கழுத்துக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கினாள். துவைத்துக் காய்ந்த வேட்டியின் கனம்கூட அவன் இல்லை. தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"மதினி, இதென்ன முறை? நாலு பேரு தூக்கணும்ல?" என்று குருவையா பின்னாலேயே ஓடிவந்தான்.

"கல்லு வரைக்கும் வர எனக்கு முறை இருக்கு. நான் வாறேன். நீங்க வாறதுன்னா வாங்க."

காலனியே பின்னால் போனது. கேட்டில் காவலாளி, அட்டை இருக்கிறவர்கள்தான் உள்ளே போகலாம் என்று குறுக்கே நின்றான். வெள்ளைத்தாய் கழுத்தில் கோரை பிடுங்குகிற வேலைக்கான அட்டை இருந்தது, தோளில் கிடந்த மாசாணத்தின் கழுத்திலும் இருந்தது, அதைக் கழற்றுவதற்கு யாருக்கும் மனம் வந்திருக்கவில்லை. குருவையா, இருளப்பன், மூக்காண்டி மூவரும் அட்டையைக் காட்டினார்கள். காவலாளி விதியைப் பார்த்தான், விதிப்படி ஐந்து பேரையும் விட்டான். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழாவது குழியில் ஆட்டம் நின்றுபோயிருந்தது. குடைகளும் நாற்காலிகளும் போட்டுக் கனவான்கள் உட்கார்ந்திருந்தார்கள். பந்து வழக்கமான இடத்தில் வந்து நின்றிருந்தது. தூக்கப் பழகிய நாலு பேரில் ஒருவர் செத்துவிட்டார், மூவர் சாவு வீட்டில். எனவே பந்தைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, கயிற்றின் மறுமுனையை டிராக்டரில் மாட்டி, உறுமி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தின் மேல் ரோஜா மாலை போட்டிருந்தது. வெள்ளைத்தாய் மாலையைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தாள். எதற்குப் பயந்து அந்த மனிதன் தொப்பி மாட்டிக்கொண்டு இத்தனை நாள் தோளைத் தேய்த்தானோ, அதையே அவனுக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் மாசாணத்தைப் பந்துக்குப் பக்கத்தில் புல்லில் இறக்கினாள். தலைமாடு கால்மாடு மாற்றிக் கிடத்தினாள். பிறகு மண்ணைப் பார்த்து, மலை எதிரொலிக்கிற மாதிரிக் கத்தினாள்.

"மாசாணம் வந்திருக்காரு! இருளாயி மகன் மாசாணம் வந்திருக்காரு. வழி விடு சாமி! ஆப்பக்கடை சோலையம்மா வந்திருக்கா, வழி விடு! கெணறுவெட்டித் தவசி வந்திருக்காரு, வழி விடு! செல்லக்கிளி வந்திருக்கா, பேரு வைக்காத புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா, அவளை எத்தன நாளு நிக்க வைப்ப? வழி விடு!"

வேலி போட்டதிலிருந்து சுற்றுவழியில் போன ஒவ்வொருவர் பேரையும் அவள் சொன்னாள். கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் அவள் மறந்த பேர்களை எடுத்துக்கொடுத்தார்கள். சொல்லி முடித்தபோது பந்திலிருந்து கயிறு நழுவியது, டிராக்டர் முன்னால் எகிறிப் போய் ஒரு குடையை இடித்து நின்றது. மாசாணத்தின் உடம்புக்கு அடியில் புல் மெதுவாக அமுங்கியது. அவனுடைய கனம் அவனிடம் வந்துவிட்டது. பந்து தானாக அசைந்து, சரிவில் உருண்டு, கொடிக்கடியில் போய்க் குழிக்குள் விழுந்தது.

கைதட்டல் கிளம்பியது. எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார்.

"தட்டாதீக!" என்று அவள் திரும்பினாள். "கை இருக்குல்ல? தோளும் இருக்குல்ல? எம் புருஷன் நேத்துவரைக்கும் ஒங்க பந்தைச் சொமந்தாரு. இங்க மூணு பேருதான் இருக்காக. நாலாவதா ஒரு தோளு குடுங்க, போயிருதோம்."

கைதட்டல் நின்றது. ஒருவர் தன் ஷூவைப் பார்த்தார். ஒருவர் கையுறையைக் கழற்றினார், வெள்ளைத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டார். புருஷோத்தமன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அத்தனை தோள்கள் அங்கே நின்றன, ஒன்றுகூட அசையவில்லை.

மூக்காண்டி போய்க் கிளப்பின் விளம்பரப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். தெற்கிலேயே ஆகக் கடினமான குழி என்று பொன்னெழுத்தில் எழுதிய பலகையின் மேல் மாசாணத்தைக் கிடத்தினார்கள். மூவர் மூன்று முனையைப் பிடித்தார்கள். வெள்ளைத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலாவது முனைக்குக் குனிந்தாள்.

"மதினி," என்றான் இருளப்பன் தயங்கி, "பொம்பள கல்லைத் தாண்டக் கூடாது."

"கல்லு எங்க இருக்கு? காட்டு, தாண்டல."

இருளப்பன் கீழே பார்த்தான். பச்சைப் புல்தான் இருந்தது. நாலு பேரும் தூக்கினார்கள். பழைய மாசாணத்தின் கனம், முழுக் கனம், தோளில் இறங்கியதும் வெள்ளைத்தாய்க்கு அதுவரை வராத அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தாள். பின்வேலியை மூக்காண்டி வெறுங்கையால் பிரித்தான். கல்லாங்காட்டில் அவர்களே வெட்டி, அவர்களே மூடினார்கள்.

அதற்குப் பிறகு ஏழாவது குழியில் பந்து நிற்பதில்லை. யார் அடித்தாலும் சமர்த்தாக உருண்டு போய் விழுகிறது. பின்வேலியை அடைக்க அடைக்கக் காலனிக்காரர்கள் பிரிக்கிறார்கள், செத்தவர்களை முழுக் கனத்தோடு நடுவழியில் இறக்கி, புல்லைப் பார்த்துப் பேர் சொல்லித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பத்திரிகைக்காரர் மறுபடி வந்து ஆடிப் பார்த்துவிட்டு, கூனிமலையை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டார். கார்கள் மஞ்சு இறங்கும் மைதானத்துக்குத் திரும்பிவிட்டன. வெள்ளைத்தாயை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதோடு விட்டார்களா? பாதையை மூடியதற்காக ஒருவன் மேலும் ஒரு நாளும் வழக்குப் பதியாத அதே காவல் நிலையத்தில், மைதானத்தின் பெயர்பெற்ற கனத்தை அபகரித்துக் கிளப்புக்கு நஷ்டம் விளைவித்ததாக அவள் மேல் புகார் கொடுத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் புகாரை இரண்டு தரம் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, கனத்தைக் காணோம்னு எழுதியிருக்காங்க. நீ எடுத்தியா?"

"எடுத்தேன் சார்."

"எங்க வச்சிருக்க?"

வெள்ளைத்தாய் முந்தானையை ஒதுக்கி, பலகையின் விளிம்பு வெட்டிக் கறுத்துப்போயிருந்த தோளைக் காட்டினாள்.

"இந்தா இருக்கு. இன்னும் எறங்கல. வேணும்னா வந்து எறக்கிக்கிடச் சொல்லுங்க சார். ஒத்த ஆளா வர வேணாம், நாலு பேராக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."